ஓட்டை சைலன்சர்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் எதற்கு இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. எதைக் கண்டாலும் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். பிள்ளை விழுந்தால் தூக்கிவிடும் முன்னால் ஒரு படம். எழுந்து அழுதால் அதற்கும் ஒரு படம். எடுத்ததைத் தங்களோடு வைத்துக்கொண்டாலாவது பரவாயில்லை. அடுத்த நிமிஷமே அதை நாலு பேருக்குத் தள்ளிவிட வேண்டும். அந்த நாலு பேர் யார், அவர்களுக்கு வேண்டியவன் யார் என்று எவனும் யோசிப்பதில்லை.

நான் லாரி ஓட்டினவன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. வண்டியை எங்கே நிறுத்தினாலும் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்க்காமல் ஒரு வாய் டீ குடித்ததில்லை. கூட வந்த கிளீனரையே நம்பினதில்லை. "உனக்கு உன் நிழலைக் கண்டாலும் சந்தேகம்பா" என்பாள் என் மகள். சொல்லட்டும். அவள் நம்பிக் கழுத்தை நீட்டின லட்சணத்தைத்தான் நான் பார்த்தேனே.

அவளைக் கட்டினவனைப் பற்றி நிறையப் பேச எனக்கு வாய் வராது. மகளின் இடது முன்கையில் ஓர் எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறது, அதைப் பார்த்தால் போதும். பிள்ளை அம்மாவிடம்தான் இருக்க வேண்டும், அவன் பக்கத்தில் வரக்கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் ஒருநாள், என் பேத்தி போய்க்கொண்டிருந்த நர்சரிக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கையில் பலூனோடு போனான். "நான் அவ அப்பா" என்றான். சிரித்த முகத்தைப் பார்த்ததும் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் விஷயத்தை அங்கே முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். "நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

போலீஸ் கண்டுபிடித்துக் கூட்டிவந்தபோது பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. அது திரும்பி வர மாசக்கணக்காயிற்று. ஸ்டேஷன் வாசலில் அவன் என் மகள் காதோரம் வந்து மெதுவாகச் சொன்னான்: "அடுத்த தடவை நீ தேட முடியாத இடத்துக்குக் கொண்டுபோவேன்." பக்கத்தில் நின்ற எனக்கும் அது கேட்டது.

ஊரை மாற்றினோம். வீட்டை மாற்றினோம். போன் நம்பரை மாற்றினோம். மகளுக்கு ஓர் ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலை கிடைத்தது. எனக்குப் பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவளை நான் குண்டூசி என்று கூப்பிடுவேன். உடம்பு ஒல்லி, தலை உருண்டை, எதைச் சொன்னாலும் நறுக்கென்று குத்துவாள்.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை வைத்தேன். குண்டூசியைக் கூட்டிப்போக யார் வந்தாலும், நானே வந்தாலும், அதைச் சொல்ல வேண்டும். சொல்லாதவனோடு ஓர் அடி நகரக்கூடாது. ஓட்டை சைலன்சர், அதுதான் வார்த்தை. என் பழைய லாரியின் சத்தத்தை ஒருநாள் வாயால் செய்து காட்டப்போய், அவளுக்கு அது பிடித்துவிட்டது. மகள் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுவாள். உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வரும். "ஓட்டை சைலன்சர்." அப்புறம்தான் தாழ்ப்பாள் திறக்கும். பக்கத்து வீட்டுக்காரி எங்களை மறை கழன்ற குடும்பம் என்று முடிவு கட்டிவிட்டாள். நல்லதாகப் போயிற்று, அதிகம் கேள்வி கேட்க மாட்டாள்.

பள்ளி திறந்தது. குண்டூசி ஒன்றாம் வகுப்பு.

"டீச்சர்கிட்ட விஷயத்தைச் சொல்லி வச்சிடலாம்பா" என்றாள் மகள்.

"போன தடவை சொல்லி வச்சோமே, போதாதா? வாயைத் திறக்காதே."

"அப்பா எங்கேன்னு கேட்டா?"

"கப்பல்ல வேலைன்னு சொல்லச் சொல்லு."

"இவ கப்பலையே பாத்ததில்லையேப்பா."

"அது இன்னும் நல்லது. மேற்கொண்டு கேட்டாலும் உளற மாட்டா."

முதல் வாரக் கடைசியில் பெற்றோரையெல்லாம் வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் போனேன். எங்களைப் பிள்ளைகளின் நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். முட்டி காதுக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவர் பேக்கரிக்காரர், நல்ல கனம். "சார், எந்திரிக்கும்போது நாற்காலியும் என்கூடவே வரும்போல இருக்கு" என்று என் காதில் சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா, பின்கதவு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் சின்ன வயசு. வந்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கிறவர்களைக் கண்டால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். சுவரில் காக்கித் தாளால் பெரிய மரம் வெட்டி ஒட்டியிருந்தாள். கிளைகளில் இலை இல்லை.

"ஒவ்வொரு வீட்லயும் ஒரு வார்த்தை இருக்கும்" என்றாள். "வெளியாளுக்குப் புரியாது, வீட்டுக்காரங்களுக்கு மட்டும் புரியும். அதைச் சொல்லுங்க. நான் இலையில எழுதி ஒட்டறேன். அப்ப உங்க வீடும் நம்ம வகுப்புக்குள்ள வந்துடும்ல?"

நான் உடனே குண்டூசி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடினேன்.

பேக்கரிக்காரர் மகன் எழுந்து, "எங்க வீட்ல பன் தூக்கம்" என்றான். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிற அப்பா மத்தியானம் தூங்குவாராம், அப்போது யாரும் டிவி போடக்கூடாதாம். எல்லோரும் கைதட்டினார்கள். தையற்காரி மகள், "நூல் நேரம்" என்றாள். அம்மா ஊசியில் நூல் கோர்க்கும்போது மூச்சுக்கூட விடக்கூடாதாம். அதற்கும் கைதட்டல். பச்சைத் தாள் இலைகள் ஒவ்வொன்றாக ஏறின.

குண்டூசி எழுந்தாள். நான் தலையை ஆட்டினேன், விரலை ஆட்டினேன், செருமிக்கூடப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மரத்தைத்தான் பார்த்தாள். நர்சரி விஷயத்துக்கு அப்புறம் அவள் நாலு பேர் நடுவில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் திறந்தாள்.

"எங்க வீட்ல ஓட்டை சைலன்சர்."

வகுப்பே சிரித்தது.

"அப்படின்னா என்னம்மா?" என்றாள் டீச்சர்.

"அதைச் சொன்னாதான் நான் போவேன். சொல்லாட்டி யாரு கூப்பிட்டாலும் போக மாட்டேன்."

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். பேக்கரிக்காரர் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அவள் தலைக்குப் பின்னால் சுவரில் பள்ளியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்தேன். "அதை அழிச்சிடுங்க."

"எதுக்கு சார், பாப்பா எவ்வளவு அழகாப் பேசுது. கிளாஸ் பேரண்ட்ஸ் குரூப்ல போட்டுட்டேன். ஸ்டேட்டஸ்லயும் வச்சிருக்கேன்."

"எடுங்க."

"எடுக்கறேன் சார், எடுக்கறேன். கையை விடுங்க, போன் விழுந்துடும்."

எடுத்தார். எடுத்து என்ன? சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்தபோது முகம் வெளுத்திருந்தது. சலவை அறையில் கூட வேலை செய்கிறவள், "இது உன் பொண்ணு மாதிரி இருக்கே" என்று தன் போனில் காட்டினாளாம். அவளுக்கு யாரோ ஓர் அத்தை மகன் அனுப்பினானாம். அந்த அத்தை மகன் வேறு ஊர்.

"இப்பவாவது டீச்சர்கிட்ட சொல்லிடலாம்பா. அவன் போட்டோ ஒண்ணு அவங்க கையில இருந்தா நல்லதுதானே."

"கொடு. அதையும் மரத்துல ஒட்டிடுவா."

குண்டூசி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தான் என்னவோ தப்பு செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

லீவு முடிந்து மறுபடி பள்ளிக்குப் போன அன்றைக்குக் காலையில், வழியிலேயே அவளை நிறுத்தினேன். டயர்க் கடை வாசல். தேய்ந்த டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"பழைய வார்த்தை செத்துப்போச்சு" என்றேன். "இன்னிலேர்ந்து புதுசு. மொட்டை டயர். சொல்லு."

"மொட்டை டயர்" என்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"பழசை யார் வந்து சொன்னாலும் ஓடு. ஓடி ஒளிஞ்சுக்கோ. புதுசைச் சொல்ற வரைக்கும் வெளில வராதே. சத்தமும் காட்டாதே."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே."

மகளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் டீச்சரிடம் போய் ஒப்பித்துவிடுவாள் என்று நினைத்தேன். தினமும் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் நான்தான், அவளுக்கு எதற்கு என்றும் நினைத்தேன்.

அன்றைக்கே மத்தியானம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மகள். அழுகையும் மூச்சிரைப்புமாக ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் இவ்வளவுதான் புரிந்தது: அவளுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. எடுத்ததும் ஓர் ஆண் குரல், மெதுவாக, தாலாட்டுகிற மாதிரி, "ஓட்டை சைலன்சர்" என்றது. அப்புறம் ஒரு சிரிப்பு. அவன் சிரிப்பு. அவள் போட்டது போட்டபடி பள்ளிக்கு ஓடியிருக்கிறாள்.

"பிள்ளையைக் காணோம்பா."

கையிலிருந்த கத்தி எங்கே விழுந்தது என்று தெரியாது. கதவைப் பூட்டினேனா என்றும் தெரியாது. எனக்கு, கதவைப் பூட்டினேனா என்று தெரியாமல் போன நாள் அது ஒன்றுதான். புது நம்பர் அவனுக்கு எப்படிப் போயிற்று? அந்தக் குரூப்பில் மகள் நம்பரோடு அத்தனை பேர் நம்பரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே. எவன் கேட்டானோ, எவன் கொடுத்தானோ. ரோட்டில் ஹெல்மெட் போட்ட ஒவ்வொருவனும் அவனாகத் தெரிந்தான். ஒரு கார் பின்சீட்டில் உருண்டைத் தலை ஒன்றைப் பார்த்துவிட்டு அதன் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினேன். திரும்பினது வேறு யாரோ பெற்ற பிள்ளை.

பள்ளி வாசலில் வாட்ச்மேன், "பெரியவரே, உள்ள போகணும்னா கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினான். அவனைத் தள்ளிக்கொண்டு போனேன்.

வராண்டாவில் மகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் முகத்தில் அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன், ஐயா" என்றாள். "அம்மா வந்து நின்னாங்க, என்னவோ சொன்னாங்க. உடனே என் கையை உதறிட்டு ஓடிட்டா. சாப்பாட்டு மணி அடிச்ச நேரம், வராண்டா முழுக்கப் பிள்ளைங்க. எந்தப் பக்கம் போனான்னு தெரியல. எல்லா ரூம்லயும் பாத்துட்டோம்."

நான் மகளைப் பார்த்தேன். "என்ன சொன்னே நீ?"

"எப்பவும் சொல்றதைத்தான்பா சொன்னேன்."

பிள்ளையை அவன் தூக்கவில்லை. பெற்ற தாயைக் கண்டு பிள்ளை ஓடியிருக்கிறாள், நான் சொன்னபடியே.

"புதுசா மாத்திட்டேன்" என்றேன். "உன்கிட்ட சொல்லல."

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

அப்போது ஆயா ஒருத்தி வந்து, "பின்பக்கக் கேட்டு திறந்து கிடக்கு டீச்சர், தண்ணி வண்டி வந்திருக்கு" என்றாள்.

ஓடினேன். பின்சந்தில் கேன் இறக்கிக்கொண்டிருந்தவனிடம், "சின்னப் பிள்ளை வெளில வந்துச்சா?" என்று கேட்டேன்.

"குனிஞ்சு வேலை பாத்துட்டிருந்தேன் பெரியவரே. யாரையும் கவனிக்கல."

சந்து முனையில் ஒருவன் பைக்கில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முகம் பள்ளிப் பக்கம். நான் அவனை நோக்கி நடந்தேன். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். முன்னாலும் பின்னாலும் பிள்ளை யாரும் இல்லை, அதை மட்டும் பார்த்துக்கொண்டேன். அவன்தானா, இல்லை சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிற எவனோ ஒருவனா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த இடத்தில் நின்றபோது ஒன்று தெரிந்தது. பிள்ளை இந்த வழியாக ஓடி வந்திருந்தால், அவன் சிரமப்பட்டு உள்ளே வரவே வேண்டாம். நானே ஓடவிட்டு அவன் கையில் கொடுத்த மாதிரிதான்.

திரும்பி உள்ளே வந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். "மொட்டை டயர்."

ஒவ்வொரு கதவாக நின்று கத்தினேன். கழிப்பறை வாசலில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், மாடிப்படியில். பெரிய டீச்சர் அறையிலிருந்து வெளியே வந்து, "யாரு இந்த ஆளு, என்ன கத்தறாரு?" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒரு வகுப்பு ஆரம்பித்தது, அடுத்த வகுப்பு பிடித்துக்கொண்டது. "மொட்டை டயர், மொட்டை டயர்" என்று கட்டிடமே கூவிற்று. டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டித் தாளம் வேறு. என் குரல் எனக்கே கேட்கவில்லை. இத்தனை கூச்சலுக்குள் குண்டூசி எங்கேயாவது விசும்பினாலும் யாருக்குக் கேட்கும்?

"அதுதான் புது வார்த்தையா, ஐயா?" என்றாள் டீச்சர் என் பக்கத்தில் வந்து.

தலையை ஆட்டினேன்.

அவள் கத்தவில்லை. வராண்டா நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். முதலில் அவள் வகுப்புப் பிள்ளைகள் தலையில் கை வைத்து வாயை மூடின. அதைப் பார்த்து அடுத்த வகுப்பு. கூச்சல் ஒவ்வோர் அறையாக அணைந்துகொண்டே போயிற்று. கடைசியில் வாட்ச்மேன்கூடத் தலையில் கை வைத்து நின்றான்.

"இப்ப கூப்பிடுங்க" என்றாள்.

"மொட்டை டயர்" என்றேன். எனக்குக் குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

மாடிப்படிக்குக் கீழே, பாய்களையும் மெத்தைகளையும் சுருட்டிப் போடுகிற சின்ன அறை ஒன்று இருந்தது. இருட்டு. அங்கேயிருந்து சின்னதாக ஒரு தட்டல். ஏற்கெனவே இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, யாருமில்லை என்று சொல்லியிருந்த அறை. சுருட்டி நிறுத்தின பாய்க்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"தாத்தாதானா?"

"நான்தான்டா குண்டூசி. வா."

வந்தாள். தலையெல்லாம் தூசி. உள்ளங்கைகள் ஐஸ்போல இருந்தன. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்: "அம்மா மாதிரியே ஒருத்தி வந்திருக்கா தாத்தா. அம்மா டிரஸ்ஸையே போட்டிருக்கா. ஆனா பழசைச் சொன்னா."

மகள் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையை நீட்டினாள். குண்டூசி போகவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பெற்றவளை அப்படி ஒரு பிள்ளை பார்த்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"மொட்டை டயர்" என்றாள் மகள். அதற்கு அப்புறம்தான் குண்டூசி அவளிடம் போனாள்.

வகுப்பறையில் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நர்சரி, பலூன், ஸ்டேஷன் வாசல், போன் அழைப்பு எல்லாம். நான் தடுக்கவில்லை. தடுக்க என்னிடம் வாய் இருந்தால்தானே. டீச்சர் கேட்டுக்கொண்டே எழுந்து போய் மரத்திலிருந்து எங்கள் இலையைப் பிய்த்தாள். மடித்து மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுச் சாவியைப் போய் சுவர்ல மாட்டி வச்சிருக்கேன்" என்றாள். "எனக்குத் தெரியாது. நீங்க முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஐயா."

"சொன்ன இடத்துலதான் தூக்கிக் கொடுத்தாங்க."

அவள் மகளின் போனிலிருந்து அவன் படத்தை வாங்கிக்கொண்டாள். வாட்ச்மேனுக்குக் காட்டினாள், ஆயாக்களுக்குக் காட்டினாள். பெரிய டீச்சர் போலீசுக்குப் போன் செய்தாள். பின்பக்கக் கேட்டுக்குப் பூட்டு வாங்க ஆள் போயிற்று. இனிமேல் குண்டூசியைத் தானே கையோடு கொண்டுவந்து ஒப்படைப்பதாகச் சொன்னாள் டீச்சர். எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரிடமும் இல்லை.

"புதுசா ஒரு வார்த்தை வைங்க" என்றாள். "எனக்கும் தெரியணும்."

"மூணு பேரே ஜாஸ்தி" என்றேன்.

"அப்பா, ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சு இன்னிக்கு என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல" என்றாள் மகள்.

குண்டூசி கொஞ்ச நேரம் யோசித்தாள். இந்தத் தடவை வார்த்தையை அவளே வைத்தாள். முதலில் அம்மா காதில் சொன்னாள். அப்புறம் என் காதில். அப்புறம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து அவள் காதிலும் சொன்னாள். டீச்சர் சிரிக்கவில்லை. திருப்பி ஒரு தடவை அவள் காதில் சொல்லிக் காட்டினாள். சரியா என்று கேட்பது போலப் பார்த்தாள். குண்டூசி தலையாட்டினாள்.

போலீஸ் வருகிறவரை தாயும் பிள்ளையும் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். நான் கிளம்பினேன். பள்ளியைக் கண்டுபிடித்தவனுக்கு வீட்டைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? கதவைப் பூட்டினேனா என்று வேறு தெரியவில்லை.

"ஐயா" என்று டீச்சர் வாசல்வரை வந்தாள். "நான் பாத்துக்கறேன்."

அதே வார்த்தை. நர்சரியில் சொன்ன அதே வார்த்தை. அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். நல்லவள்தான்போல. நல்லவர்கள் கையிலிருந்துதான் அன்றைக்கும் பிள்ளை போனது.

"பாருங்க" என்றேன்.

கேட்டில் வாட்ச்மேன் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் அனுப்பின படத்தைத்தான் பார்க்கிறானோ, வேறு எதையோ. "தலையைத் தூக்குப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கேட்டை அவன் சாத்தின சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்கிறதா என்று கொஞ்சம் நின்றேன். தெருவில் ஒரு லாரி போயிற்று, எதுவும் கேட்கவில்லை. நடந்தேன். டயர்க் கடைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன்.